மூச்சை இழுத்து விடச் சொன்னவள் எழுதுவது

கொல்லிமலை செம்மேட்டில் ஒரு கூடத்தில் முப்பது பெண்களைப் பாயில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள் என்று சொன்னவள் நான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கான மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று பின்னால் பேனர் தொங்கியது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததில் எனக்கே தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே மூச்சுப் பயிற்சி அன்று எனக்கு நன்றாகவே பயன்பட்டது.

மூன்றாவது வரிசையில் மடியில் தூங்கும் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் மட்டும் கண்ணை மூடவில்லை. ஏன் என்று கேட்டேன். "மூடுனா தூங்கிருவனுங்க மேடம். தூங்குனா மூணு மணி வண்டி போயிரும்." எல்லோரும் சிரித்தோம். முடிவில், எப்படி இருந்தது என்று அவரையே கேட்டேன். "நல்லா இருந்துச்சுங்க," என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஒரு நாள் கூலிதான் போச்சு," என்றார்.

பங்கேற்பாளர்கள் மிகுந்த பயன் பெற்றனர் என்று அன்றிரவு அறிக்கை எழுதி அனுப்பினேன். அந்த அறிக்கையைத் திரும்பப் பெற எனக்கு வேறு வழி தெரியாததால் இதை எழுதுகிறேன்.

மன அழுத்தம் என்ற சொல்லிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. கோளாறு இருக்கும் இடத்தை அது முன்கூட்டியே மனம் என்று குறித்துவிடுகிறது. இடம் மனம் என்றானபின் வைத்தியமும் மனத்துக்குத்தான்: மூச்சு, யோகா, நல்லதை நினைப்பது, நன்றியுணர்வுக் குறிப்பேடு. அந்தக் கூடத்துக்கு வந்த பெண்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. நெஞ்சு அடைக்குது என்றார்கள், தலை பாரமா இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமில்லை என்றார்கள். எதனால் என்று கேட்டால் எவரும் மனத்தைச் சொல்லவில்லை. பட்டா, தாசில்தார் ஆபீஸ், கொழுந்தன், வியாபாரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெயர் சொன்னார்கள். நோய்க்காரணத்தை அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நான்தான் அதைக் கேட்கப் போகவில்லை, மூச்சு விடக் கற்றுத்தரப் போயிருந்தேன்.

ஒற்றைத் தாயின் சுமை என்றதும் நாம் பொதுவாக என்ன நினைக்கிறோம்? இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தி செய்கிறாள் என்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள்; ஆண் 88 நிமிடம். வீட்டு வேலையைத் தொடுகிற ஆண்களின் சராசரிதான் இந்த 88. தொடாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அப்படியானால் புருஷன் போன வீட்டில் எவ்வளவு வேலை கூடியிருக்கும்? பல வீடுகளில், அவருக்குச் சோறு வடித்து, துணி துவைத்து, குடித்துவிட்டு வந்தால் வாசலில் இருந்து தூக்கிப் படுக்க வைத்த வேலையைக் கழித்தால், குறைந்திருக்கவும் கூடும்.

அப்படியிருந்தும் நெஞ்சு அடைக்கிறதே, ஏன்? ஆள் போகும்போது உழைப்பைவிடப் பெரிய ஒன்றைக் கொண்டுபோகிறார்: பெயரை. உலகம் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் செய்தது அவர் பெயரில். பட்டாவில் அவர் பெயர், அல்லது அவர் அப்பா பெயர். வியாபாரியின் நோட்டில் அவர் பெயர். பிள்ளையின் சாதிச் சான்றுக்கு அவர் சான்று. நிலத்தைக் காட்டி லேம்ப் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டாலும், விவசாயிகளுக்கான ஒன்றிய அரசின் ஆண்டுக்கு 6,000 ரூபாயைக் கேட்டாலும், முதல் கேள்வி பட்டா யார் பெயரில் என்பதுதான். களை வெட்டியது யார் என்று எவரும் கேட்பதில்லை.

கொல்லிமலையில் இது எப்படி இறுகியது என்று சொல்ல, பயிரைப் பற்றிப் பேச வேண்டும். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த மேட்டுக்காடுகளில் பெரும்பகுதியை மரவள்ளி எடுத்துக்கொண்டுவிட்டது. சாமை வீட்டுப் பயிர். விதையைத் தேர்ந்து காத்து வைப்பவள் பெண், குத்திப் புடைப்பவள் பெண், விளைந்தால் அடுப்பில் சோறு. யாருடைய கையெழுத்தும் இல்லாமல் பிள்ளையின் தட்டுக்கு வந்துவிடும். மரவள்ளி சேலம், நாமக்கல் வட்டாரச் சேகோ ஆலைகளுக்குப் போகும் கிழங்கு. வெட்டுக்கு வர ஏறக்குறைய பத்து மாதம். அதுவரை வியாபாரியின் முன்பணம்; பிறகு லாரி; பிறகு மொத்தமாகக் காசு, ஒரே கையில். அந்தக் கை ஆணுடையது. ஆண் போய்விட்டால் வியாபாரி அந்த வீட்டுக்கு முன்பணம் தர யோசிக்கிறார், கொழுந்தனைக் கூப்பிட்டுப் பேசுகிறார். மிளகும் காபியும் இருக்கிற தோட்டங்களில் கூலி கிடைக்கும். அங்கேயும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறுகிறவருக்கு ஒரு கூலி, கீழே உதிர்ந்ததைப் பொறுக்குகிறவளுக்கு இன்னொரு கூலி.

சாமையை வைத்துக் கனவு காணவும் நான் தயாரில்லை. மலைக்கு வார விடுமுறைக்கு வந்து சாமைப் பொங்கல் சாப்பிட்டு, பாரம்பரியம் அழிகிறதே என்று வருந்துகிறவர்கள் ஒரே ஒரு படி சாமையை உரலில் போட்டு உமி நீங்கக் குத்திப் பார்க்கட்டும். தோள்பட்டை சொல்லும், பெண்கள் ஏன் ரேஷன் அரிசியை வரவேற்றார்கள் என்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்தது. விதை, கண்காட்சி, விழிப்புணர்வு எல்லாவற்றையும்விடப் பெண்களின் உடம்புக்கு நேராகத் தெரிந்தது உமி நீக்கும் இயந்திரம். மன அழுத்தம் குறைப்பது எப்படி என்ற பாடத்தை நான் இப்போது எடுப்பதானால் அந்த இயந்திரத்தைத்தான் மேடையில் வைப்பேன்.

இனி காகிதத்துக்கு வருவோம். கணவர் இறந்த பெண்ணுக்கு விதவை ஓய்வூதியம் உண்டு. கணவர் விட்டுப்போன பெண்ணுக்கும் உண்டு, நிபந்தனையோடு: வயது 30 ஆகியிருக்க வேண்டும்; சட்டப்படி விவாகரத்து பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது கழிந்திருக்க வேண்டும். திருமணமே ஆகாத ஏழைப் பெண்ணுக்கான ஓய்வூதியம் 50 வயதில் தொடங்குகிறது. தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய், நாளுக்கு 40 ரூபாய்.

இந்த வரிசையை நிதானமாகப் படித்தால் அரசின் மனம் தெரியும். செத்த கணவனின் மனைவி நல்லவள், உடனே தரலாம். விட்டுப்போன கணவனின் மனைவி சந்தேகத்துக்குரியவள், ஐந்து வருஷம் பார்ப்போம், திரும்பி வந்தாலும் வருவார். கல்யாணம் ஆகாமல் 22 வயதில் பிள்ளையோடு நிற்பவள் இந்த வரிசையிலேயே இல்லை, 50 ஆகட்டும். ஊரில் இதையே வாழாவெட்டி என்ற ஒரே வசவில் சொல்லிவிடுவார்கள். அரசாணையில் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு முதல் ஐந்து வருஷம்தான் பால், தடுப்பூசி, காய்ச்சல், அங்கன்வாடி எல்லாம். தாய் கூலிக்குப் போக மிகக் கடினமான ஐந்து வருஷமும் அதுவே. அந்த வருஷங்களைச் சரியாக வெட்டி எடுத்துவிட்டு அதன்பிறகு உதவுகிற திட்டத்தை வகுத்தவர்கள் பிள்ளை வளர்த்தவர்களாக இருக்க முடியாது.

இதிலே பழங்குடிப் பெண்ணுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. கொல்லிமலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், ஒன்றிய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. சேருவதும் பிரிவதும் அவர்கள் வழக்கப்படி. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசித் தீர்ப்பார்கள். உன் வழக்கத்தை மதிக்கிறேன் என்று சொல்லி அந்தச் சட்டத்திலிருந்து அவளை வெளியே நிறுத்திய அதே அரசு, ஓய்வூதியம் கேட்டு வரும்போது நீதிமன்றத்தில் வாங்கிய காகிதம் எங்கே என்கிறது. ஊர்ப் பேச்சுக்கு முத்திரை கிடையாது. மிஞ்சுவது வருவாய்த் துறையின் கைவிடப்பட்டோர் சான்று. அதற்கு விசாரணை உண்டு. விசாரிக்க வருபவர் யாரிடம் விசாரிப்பார்? பக்கத்து வீட்டில், அதாவது கொழுந்தன் வீட்டில். அவள் பயிர் செய்யும் நிலம் தனக்கு வர வேண்டும் என்று காத்திருப்பவர் அவர். பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று வேண்டுமென்றால் அது கோட்டாட்சியர் கையெழுத்து. 70 வளைவும் இறங்கி நாமக்கல் போய் வர வேண்டும். தகப்பன் சான்று இல்லையென்றால் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி.

வேலைக்கென்று கீழே போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார் இன்னும் இக்கட்டில் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காடுகளில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழ்நாட்டுக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் வாழும் மலையாளிகளும், அதாவது கொல்லிமலைக்காரர்களின் அதே இனத்தவரும், அதில் இருந்தார்கள். தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்தப் பெண்களுக்கு என்ன ஆறுதல் இருக்க முடியும்? ஆனால் உடல் வந்தது, ஆகவே அவர்கள் விதவைகள் என்பதில் சந்தேகமில்லை. உடலும் வராமல், போனும் வராமல், ஆளும் வராமல் இருந்தால்? இறந்துவிட்டதாகச் சட்டம் கொள்ள ஏழு வருஷம். கைவிட்டுவிட்டார் என்று கொள்ள ஐந்து வருஷம். அதுவரை அவள் அலுவலகக் கணக்கில் சுமங்கலி.

பழங்குடி வழக்கத்தில் பெண்ணுக்குச் சுதந்திரம் அதிகம் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மலையாளிகளைப் பற்றிய ஆங்கிலேயர் காலப் பதிவுகளிலேயே, கொல்லிமலையில் பெண் பிடிக்காத கணவனை விட்டு இனத்துக்குள்ளேயே இன்னொருவரோடு போகலாம், அதற்காக அவளை ஒதுக்கிவைப்பதில்லை என்று இருக்கிறது. அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் மீது பழைய கணவனுக்கே உரிமை. அவள் போகலாம், கையை வீசிக்கொண்டு. பிள்ளையும் நிலமும் அங்கேயே. சமவெளியில் பெண்ணைக் கட்டிப்போட்டுக் காவல் காக்கிறார்கள், மலையில் கதவைத் திறந்து வைத்துப் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் எது சுதந்திரம் என்று தராசு தூக்கிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் அங்கேயாவது காணி உண்டா? தமிழ்நாடு 1989-இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. நாம் பெருமையாகப் பேசும் சட்டம். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு பழங்குடியினரை அதற்கு வெளியே வைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற மகள்களுக்கு உள்ள உரிமை இவளுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று கேட்டு, ஒன்றிய அரசு சட்டத்தைத் திருத்தப் பரிசீலிக்கட்டும் என்றது. கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பியது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு இனப் பெண் ஒருத்தியின் வாரிசுகளுக்கு உச்ச நீதிமன்றமே பங்கு கொடுத்தது. நல்லது. ஆனால் தீர்ப்பு மலை ஏறுவதற்கு வக்கீல் வேண்டும். சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மகளும் தன் அண்ணன் மீது தனித்தனியாக வழக்குப் போட்டு வெல்ல வேண்டும், அதுவும் அதே அண்ணன் வீட்டுத் திண்ணையில் பிள்ளையோடு படுத்துக்கொண்டு.

அரசுக்கு இப்படி எழுதத்தான் தெரியும் என்றும் சொல்ல முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்தில், உரிமைப் பட்டம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து, குடும்பத் தலைமை ஒருவரே என்றால் அந்த ஒருவர் பெயரில் என்று தெளிவாக இருக்கிறது. நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அதே கூலிக்கு நியமிக்க வேண்டும் என்று எழுதினார்கள். இதை எழுதியவர் எவரோ, அவருக்குத் தாய்மார் என்றால் யார் என்று தெரிந்திருக்கிறது. நான் பார்த்த வேலைத்தளங்களில் அந்தப் பெண்ணைக் காணவில்லை. வேலிக்காத்தான் நிழலில் அக்காக்கள் தம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காக்களுக்கே எட்டு வயது.

உதவி இல்லாத இடத்தில் நம்மிடம் தாராளமாக இருப்பது பாராட்டு. சிங்கப்பெண் என்கிறோம். தாயுமானவள், தந்தையுமானவள் என்கிறோம். மகளிர் தினத்தன்று பொன்னாடை. கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கொல்லிப்பாவை நினைவுக்கு வரும். சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை, காற்றடித்தாலும் மழையடித்தாலும் மாறாதவள். கல்லூரிச் சுற்றுலாவில் வந்த ஒரு பேராசிரியர் மலைப்பெண்களைப் பார்த்து நீங்களெல்லாம் அந்தப் பாவையின் வம்சம் என்று பேசியதைக் கேட்டிருக்கிறேன். பசிக்காத, பிள்ளை பெறாத, பட்டா கேட்காத பெண் என்றால் எல்லோருக்கும் பிடிக்கத்தான் செய்யும். பாராட்டில் ஒரு கணக்கு இருக்கிறது: அவள் தாங்குவாள் என்று நிரூபணமாகிவிட்டால், தூக்க நாம் போக வேண்டியதில்லை. அவள் ஒருநாள் தாங்காமல் அழுதால், பிள்ளையை அடித்தால், உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனால், பொன்னாடையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வோம். பிள்ளையை விட்டுட்டுப் போனவ என்போம். வடக்கே போய் ஐந்து வருஷம் திரும்பாத தகப்பனை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பொழைக்கப் போயிருக்கான் என்பார்கள்.

அப்படியென்றால் ஆலோசனையும் மருந்தும் வேண்டாமா என்று மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள். வேண்டும். தூக்கமின்மை மாதக்கணக்கில் நீண்டால் அது நோய். பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் இதை விளையாட்டாகப் பேச முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் எடுக்கப்படுகிறது, தமிழில் பேசலாம், காசில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லுங்கள். எனக்கும் ஒரு காலத்தில் மருந்து தேவைப்பட்டது. ஆனால் நான் சாப்பிட்ட மாத்திரை வேலை செய்ததற்குக் காரணம், மாதச் சம்பளம் இருந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருந்தார், வாடகை வீட்டு ஒப்பந்தத்தில் என் பெயர் இருந்தது. மாத்திரையை மட்டும் மலைக்கு எடுத்துப்போய், மற்ற மூன்றையும் கீழேயே விட்டுவிட்டு, இது ஏன் அங்கே வேலை செய்யவில்லை என்று கேட்பது வைத்தியம் ஆகாது.

ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் தாய் மட்டும் இருக்கும் குடும்பங்களில் வறுமை 38 சதவீதம், தாய் தந்தை இருவரும் இருக்கும் குடும்பங்களில் 22.6 சதவீதம் என்று இருந்தது. அந்த இடைவெளியை எந்த மூச்சுப் பயிற்சியாலும் நிரப்ப முடியாது. நிரப்பக்கூடியவை ஏற்கெனவே நமக்குத் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியபோது, ஒரு தாயின் விடியற்காலையிலிருந்து ஒரு அடுப்பு குறைந்தது. அதை யாரும் மனநலத் திட்டம் என்று அழைக்கவில்லை. நான் அழைக்கிறேன்.

ஐந்து ஆண்டு நிபந்தனையை எடுங்கள். 30 வயது நிபந்தனையை எடுங்கள். ஊர் வழக்கப்படி பிரிந்ததைக் கிராம சபை எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பயிர் செய்கிறவள் பெயரைப் பட்டாவில் கூட்டாகச் சேருங்கள், ஆள் போவதற்கு முன்பே. 2(2) பிரிவில் பழங்குடி மகளுக்கு விலக்கு வேண்டாம் என்று ஒன்றிய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட வேண்டும். 2022-இல் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் நல வாரியம் அமைத்த அரசு, அந்த வாரியத்தின் மேசை ஒன்றைச் செம்மேட்டில் போடட்டும். பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்கிற நிறுவனங்கள், வருகிறவர்களுக்கு முதலில் அன்றைய கூலியைக் கொடுக்கட்டும்.

கண் மூடாத அந்தப் பெண்ணை இரண்டு மாதம் கழித்துச் செம்மேட்டுச் சந்திப்பில் பார்த்தேன். இந்த முறை பாய் இல்லை, மனுத் தாள்கள் கொண்டுபோயிருந்தேன். கணவர் எப்போது போனார் என்ற இடத்தில் நிறுத்திக் கேட்டேன். "வர்ற ஆடிக்கு மூணு வருசம் முடியுதுங்க." வயது? "இருவத்தாறுங்க." மனுவை மடித்து அவரே திருப்பிக் கொடுத்தார். "இன்னும் நாலு வருசம் கழிச்சுக் கொண்டாங்க மேடம். அதுக்குள்ள பாப்பா அஞ்சாவது போயிருவா." மூன்று மணி வண்டி வந்து நின்றது, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.